பாடத்தில் விளையாட்டு: பல்லாங்குழி ஆகும், பகடை ஆகுமா?

தமிழக அரசு 2022 ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பாட்டு, கதை, விளையாட்டு வழியாகப் பாடம் நடக்கிறது. மறு கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளும் சேர்ந்தன. காஞ்சிபுரத்தில் நம் பிள்ளைகளும் இவ்வகுப்புகளில் படிக்கிறார்கள். “பள்ளிக்கூடத்திலுமா ஆட்டம்? இது மார்க்கத்தில் கூடுமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்களே தோழர்களிடம் விடுகதை போட்டிருக்கிறார்கள். இலை உதிராத மரம், முஸ்லிமுக்கு உவமை, அது எது? பேரீச்சை என்பது சிறுவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனதில் பட்டது. பெரியவர்கள் முன் சொல்ல வெட்கப்பட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) இதைக் கல்வி பற்றிய பகுதியில் பதிந்திருக்கிறார்கள். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடாமல் படிப்பையே சுமத்தினால் உள்ளம் செத்து அறிவு மங்கும் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் எச்சரிக்கிறார்கள்.

ஆனால் எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. நம் வீட்டுப் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்வோம். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை என்று கேட்டாலே பெருக்கல் வந்துவிடுகிறது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். நான்கு சேர்ந்தால் ‘பசு’. இதே வகை ஆட்டத்துக்கு அரபியில் ‘மன்கலா’ என்று பெயர். ஷாஃபிஈ சட்ட நூல்களிலும் இதைப் பேசியிருக்கிறார்கள். கணக்கையும் யோசனையையும் நம்பியதா, உருளும் காயை நம்பியதா என்பதே அங்கே அளவுகோல்.

பகடை அந்த இரண்டாம் வகை. ‘நர்து’ ஆட்டத்தை ஹதீஸ் கடுமையாகக் கண்டிப்பதால், பெரும்பான்மை இமாம்கள் அதைத் தடுக்கிறார்கள். வகுப்பில் பரமபதம், தாயம் வந்தால் ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பகடைக்குப் பதில் வாய்ப்பாட்டுக் கேள்வி, சரியான விடைக்கு ஒரு கட்டம் என்று மாற்றித் தரும்படி பணிவாகக் கேட்கலாம். பாடத்துக்கும் அதுவே நல்லது. பகடை உருட்டும் பிள்ளை எண்ண மட்டுமே கற்கிறது.

பந்தயம் எதிலும் கூடாது. சிறுவர் வாதுமைக் கொட்டை வைத்து ஆடுவதையும் சூதில் சேர்த்தார்கள் முஜாஹித் (ரஹ்) போன்ற தாபிஈன்கள். ஜெயித்த கோலியைப் பையன் வீட்டுக்குக் கொண்டுவந்தால், திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மக்தபிலும் செய்யலாம். நம் ஊர் தறிக்குப் புட்டா வரையும் கட்டத் தாளில் வரிசைக்கு 8 கட்டமாக 6 வரிசை நிரப்பச் சொன்னால் எத்தனை கட்டம் என்று பிள்ளையே எண்ணிச் சொல்லும். அரபு எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு ஒரே மக்ரஜில் பிறப்பவற்றைச் சேர்க்கச் சொல்வதும் நல்ல ஆட்டம்தான். குர்ஆன் வசனம் எழுதிய அட்டையை மட்டும் தரையில் போட்டு ஆட வைக்க வேண்டாம்.