தமிழ்த் திரைப்படத்தின் பெருவெற்றி: தரமா, விளம்பரமா, பழைய நினைவா?
மூன்று படங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திரைப்படம் ஒன்று பெருவெற்றி பெறும்போதெல்லாம் அவ்வெற்றிக்கான காரணம் குறித்து மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுவது வழக்கம். படம் தரமானது, ஆகவே மக்கள் விரும்பினர் என்பது ஒன்று. ஆரவாரமான விளம்பரமே மக்களை ஈர்த்தது என்பது மற்றொன்று. கடந்த காலத்தின் மீதுள்ள ஏக்கமே அவர்களைத் தியேட்டருக்கு அழைத்து வந்தது என்பது மூன்றாவது. பெரும்பாலும் இம்மூன்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏனைய இரண்டையும் மறுப்பதோடு விவாதம் முடிவடைந்துவிடுகின்றது. வரலாற்று மாணவனுக்கு இது போதியதன்று. படத்தின் வசூலும் அது ஓடிய நாட்களும் அவனுக்குச் சான்றுகளாகும். ஒரு கல்வெட்டினையோ வரிப் பதிவேட்டினையோ ஆராய்வது போலவே, அச்சான்றுகள் எச்சூழலில் தோன்றின, எதனை அளந்தன என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அவற்றிலிருந்து முடிவுகளைப் பெறுதல் இயலும்.

இத்தகைய ஆய்வுக்குத் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் மூன்று படங்கள் பொருத்தமாக அமைகின்றன. 1944 இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ தரத்தின் வெற்றிக்கும், 1948 இல் வெளிவந்த ‘சந்திரலேகா’ விளம்பரத்தின் வெற்றிக்கும், 1964 இல் வெளிவந்து 2012 இல் மீண்டும் திரையிடப்பட்ட ‘கர்ணன்’ பழைய நினைவின் வெற்றிக்கும் உதாரணங்களாகக் காட்டப்படுவதுண்டு. இவ்வுதாரணங்கள் எவ்வளவு தூரம் பொருந்துவன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதலாவது நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு ஒருவரின் இருக்கையைத் தீர்மானித்தது அவரது சமூகப் படிநிலையன்றி அவரது வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். இக்கருத்தின் இன்னொரு பக்கமும் நோக்கத்தக்கது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கப்பட்ட பணம் மட்டுமே கணக்கில் ஏறுகின்றது. அதனைக் கொடுத்தவரின் மனநிலை ஏறுவதில்லை. படத்தை மனமார விரும்பி நான்காம் முறை வந்தவரும், சுவரொட்டியைப் பார்த்து வந்து ஏமாந்து திரும்பியவரும் கணக்கேட்டில் ஒரே தன்மையராகவே நிற்கின்றனர்.

‘ஹரிதாஸ்’: நீண்ட ஓட்டத்தின் பின்னணி

எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்து, சுந்தர்ராவ் நட்கர்ணியின் நெறியாள்கையில் உருவான ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளியன்று வெளியாகியது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டு, நூறு வாரங்களுக்கும் மேலாக ஓடியது. பாபநாசம் சிவனின் பாடல்களும் ஜி. இராமநாதனின் இசையமைப்பும் பாகவதரின் குரலும் இணைந்து அமைந்த இப்படத்தின் சிறப்பை மறுப்பாரில்லை. ஒரு படம் ஈராண்டுகளுக்கு மேலாக ஒரே தியேட்டரில் ஓடுவதற்கு, பார்த்தவர்கள் மீண்டும் வந்திருக்கவேண்டும். பாராதவர்களையும் வருமாறு தூண்டியிருக்கவேண்டும். முதல் வார விளம்பரத்தினால் மட்டும் இது நிகழக்கூடியதன்று.

ஆயினும், அக்காலத்தின் நிலைமைகளையும் இங்கு மனங்கொள்ளவேண்டும். இரண்டாம் உலகப் போரின் காரணமாகக் கச்சாப் படச்சுருளுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. இந்திய அரசாங்கம் அதன் வினியோகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, படங்களின் நீளத்தையும் 11,000 அடியாக வரையறுத்தது. ஆண்டுதோறும் வெளிவரும் தமிழ்ப் படங்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் படத்தை அகற்றிவிட்டுத் திரையிடுவதற்குப் புதிய படங்கள் போதிய அளவில் இல்லாதவொரு சந்தையிலேயே ‘ஹரிதாஸ்’ நிலைத்து நின்றது. எடுக்கக்கூடிய பிரதிகள் குறைவாக இருந்தமையால், பார்வையாளர் பல தியேட்டர்களுக்குப் பிரிந்து செல்லவும் வழியிருக்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. படம் வெளியாகிச் சில வாரங்களில் இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கொலை செய்யப்பட்டார். அவ்வழக்கிற் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றனர். கதாநாயகர் சிறையிலிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவரது படம் தியேட்டரிலே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பாட்டை நேரிற் கேட்க இயலாதிருந்த அந்நாட்களில், அனுதாபமும் ஏக்கமும் பலரை அங்கு அழைத்துச் சென்றிருத்தல் கூடும். எனவே ‘ஹரிதாஸ்’ பெற்ற வெற்றியிற் படத்தின் தரத்தோடு போர்க்காலப் பற்றாக்குறையும், ஒருவகையில் அக்காலத்திற்கே உரிய பிரிவு ஏக்கமும் கலந்திருந்தன எனலாம்.

‘சந்திரலேகா’: விளம்பரத்தின் ஆற்றலும் அதன் எல்லையும்

‘சந்திரலேகா’வைத் தயாரித்து நெறிப்படுத்திய எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். 1928 இல் ‘ஆனந்த விகடன்’ சஞ்சிகையை வாங்கி, வாசகரைக் கவரும் உத்திகளால் அதனைப் பெருக்கியவர். ‘சந்திரலேகா’ என்ற பெயர், கதை முழுமையாக உருப்பெறுவதற்கு முன்னரே விளம்பரப்படுத்தப்பட்டது. பெயர் முதலிலும் கதை பின்னருமாகத் தோன்றிய இப்படத்தை விளம்பரத்தின் குழந்தை என்று கூறுவதிலே தவறில்லை. தயாரிப்பு ஐந்து ஆண்டுகள் வரை நீடித்தது. செலவு 30 இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. அன்றைய தமிழ்ப் படவுலகு கண்டிராத அத்தொகையே ஒரு விளம்பரமாகியது. இவ்வளவு பணத்தை விழுங்கிய படம் எப்படியிருக்கும் என்ற ஆவல் 1948 ஏப்ரலில் மக்களைத் தியேட்டர்களுக்கு இழுத்தது.

எனினும், மக்கள் திரளாக வந்தும் தமிழ்ப் பதிப்பின் வருவாய் அதன் செலவினை ஈடுசெய்யப் போதவில்லை. இதனாலேயே வாசன் ஹிந்திப் பதிப்பைத் தயாரித்து, அவ்வாண்டு டிசெம்பரில் வட இந்தியாவெங்கும் பெரும் எண்ணிக்கையான பிரதிகளுடனும் அதுவரை காணாத விளம்பரத்துடனும் வெளியிட்டார். சென்னைத் தயாரிப்பாளருக்கு வடநாட்டுச் சந்தையைத் திறந்துவிட்ட பெருமை இப்படத்திற்கு உரியது. ‘சந்திரலேகா’வின் வெற்றி என இன்று பேசப்படுவது பெருமளவுக்கு இவ்விரு பதிப்புகளும் சேர்ந்து ஈட்டிய வெற்றியேயாகும்.

விளம்பரம் மட்டுமே இதனைச் சாதித்ததா என்ற வினாவுக்கு, அதே 1948 இல் வெளிவந்த ‘ராஜமுக்தி’ விடை தருகின்றது. 1947 இல் விடுதலையான பாகவதர் தம் சொந்தத் தயாரிப்பாக உருவாக்கிய படம் அது. புதுமைப்பித்தன் அதன் எழுத்துப் பணிக்கெனப் பூனாவுக்குச் சென்று, அங்கு காசநோய்க்கு ஆளாகி, படம் வெளிவருமுன்னரே மறைந்தார். எதிர்பார்ப்பு அப்படத்திற்கு இயல்பாகவே அமைந்திருந்தது. மூன்று தீபாவளிகள் ஓடிய படத்தின் நாயகர் சிறை மீண்டு நடிக்கும் படம் என்பதைவிட வலிமையான விளம்பரம் வேறு யாது? பழைய நினைவும் அதற்குத் துணை நின்றது. இவ்வளவும் இருந்தும் ‘ராஜமுக்தி’ தோல்வியடைந்தது. அதன்பின் வந்த பாகவதரின் படங்களும் பழைய வெற்றியை மீட்டுத் தரவில்லை. பாடலை மையமாகக் கொண்ட படங்களிலிருந்து, ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) போன்ற வசனத்தை மையமாகக் கொண்ட படங்களை நோக்கி மக்களின் சுவை நகர்ந்துகொண்டிருந்த காலம் அது.

‘சந்திரலேகா’வோ தான் அளித்த வாக்கைத் திரையில் நிறைவேற்றியது. பிரமாண்டமான முரசுகளின் மீது நூற்றுக்கணக்கானோர் ஆட, முரசுகளுக்குள் மறைந்திருந்த வீரர்கள் இறுதியில் வெளிப்படும் முரசு நடனக் காட்சி அதற்குச் சான்று. கதையின் ஆழத்தைத் தரம் எனக் கொள்வோர் அப்படத்திற் குறை காணலாம். ஆயின் காட்சியமைப்பின் ஆற்றலும் தரத்தின் ஒரு கூறேயாகும். விளம்பரம் மக்களை வாயில்வரை அழைத்து வந்தது. அவர்கள் வெளியே சென்று பிறருக்குக் கூறத்தக்க ஒன்றைப் படமே வழங்கவேண்டியிருந்தது.

‘கர்ணன்’: நினைவு யாருடையது?

பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964 பொங்கலன்று வெளியாகியது. சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என். டி. ராமராவ் கண்ணனாகவும் நடித்த அப்படம் வண்ணத்திற் பெருஞ்செலவில் எடுக்கப்பட்டது. அச்செலவுக்கும் எதிர்பார்ப்புக்கும் ஈடான வெற்றி அன்று கிட்டவில்லை என்பதே பொதுவான கருத்து. நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின், 2012 மார்ச்சில், படமும் ஒலியும் எண்மிய முறையிற் புதுப்பிக்கப்பட்டுத் தமிழகத்தில் மீண்டும் திரையிடப்பட்டபோது, அது சென்னையில் நூறு நாட்களைக் கடந்து ஓடியது. பந்துலு, ராமராவ், சிவாஜி கணேசன் ஆகிய மூவரும் அப்போது உயிருடன் இல்லை.

இதனைப் பழைய நினைவின் வெற்றி என்பது எளிது. ஆயின் 1964 இல் இருபது வயதினராயிருந்தவர் 2012 இல் அறுபத்தெட்டு வயதினர். தியேட்டர்களை நிரப்பியவர்களுள், முதல் வெளியீட்டின்போது பிறந்திராத இளைஞரும் இருந்தனர். தாம் வாழ்ந்திராத காலத்தை அவர்கள் எவ்வாறு நினைவுகூர முடியும்? அவர்களிடமிருந்தது பெற்றோரிடமிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் பெற்ற நினைவாகும். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்த அப்படத்தின் பாடல்கள் இடைப்பட்ட காலம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தன. தென்னிந்தியாவெங்கும் விரும்பிக் கேட்கப்பட்ட இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை, அக்காலத் திரைப்பாடல்களை வீடுதோறும் நிலைநிறுத்தியதிற் பெரும்பங்கு கொண்டதென்பது ஈழத்தவர் அறிந்ததே.

மேலும், பழைய நினைவு மட்டுமே போதுமாயின், ‘கர்ணன்’ வெற்றியைத் தொடர்ந்து புதுப்பித்து வெளியிடப்பட்ட பழைய படங்கள் யாவும் அவ்வாறே ஓடியிருக்கவேண்டும், அவ்வாறு நிகழவில்லை. 2004 இல் வெளிவந்த ‘கில்லி’ 2024 இல் மீண்டும் திரையிடப்பட்டுப் பெருங்கூட்டத்தை ஈர்த்ததென்றால், அதன் நாயகர் விஜய் அவ்வாண்டின் தொடக்கத்தில் அரசியற் கட்சியொன்றை அறிவித்து, திரையுலகை விட்டு விலகவிருப்பதையும் தெரிவித்திருந்தார் என்பதை மறத்தலாகாது. பழைய நினைவும் தனக்கெனவொரு நிகழ்காலத் தூண்டுதலை வேண்டிநிற்கின்றது.

மூன்று படங்களும் காட்டுவது

மேற்கூறியவற்றை ஒருங்கு வைத்து நோக்கும்போது, தரம், விளம்பரம், நினைவு என்பன ஒரே வினாவுக்கான மூன்று மாற்று விடைகள் அல்ல என்பது புலனாகும். அவை ஒரு படத்தின் வாழ்வில் வெவ்வேறு கட்டங்களிற் செயற்படுவன. முதல் நாட்களின் கூட்டம் பெரும்பாலும் எதிர்பார்ப்பினை அளக்கின்றது. அக்கூட்டம் தொடர்ந்து நிலைப்பது, பார்த்தவரின் தீர்ப்பினை அளக்கின்றது. பல்லாண்டுகளின் பின் மீண்டும் கூடுவது, அத்தீர்ப்பு எவ்வழியாக அடுத்த தலைமுறையைச் சென்றடைந்தது என்பதைக் காட்டுகின்றது. இம்மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டி ‘வெற்றி’ எனப் பெயரிடும்போது இவ்வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. நுழைவுச்சீட்டின் விலையும் தியேட்டர்களின் தொகையும் போட்டிப் படங்களின் எண்ணிக்கையும் காலத்துக்குக் காலம் மாறுவதால், ஒரே தியேட்டரில் நூறு வாரம் ஓடிய படத்தையும் நூற்றுக்கணக்கான தியேட்டர்களிற் சில வாரங்கள் ஓடும் படத்தையும் எண்களைக் கொண்டு மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது.

இப்பிரச்சினை ஈழத்தவருக்கு வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. தென்னிந்தியப் படங்களுக்குப் பழகியிருந்த இரசிகர் முன்னிலையிலேயே ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வெளியாகின. தர்மசேன பத்திராஜாவின் நெறியாள்கையில் யாழ்ப்பாணத்துச் சமூக வாழ்வை எடுத்துக்காட்டிய ‘பொன்மணி’ (1977) வசூலில் தோல்வியடைந்தது. பின்னாளில் ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் குறிப்பிடத்தக்க முயற்சியாக மதிக்கப்பட்டது. சிங்களத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) கான் விழாவிற் கவனிப்பைப் பெற்றபோதும் உள்நாட்டில் வசூலை ஈட்டவில்லை. வசூலே தரத்தின் அளவுகோல் எனக் கொள்ளின், இவ்விரண்டும் வரலாற்றிலிருந்து நீக்கப்படவேண்டியவையாகும்.

எப்படம் பேணப்படும் என்பதையும் இவ்வளவுகோலே பெரும்பாலும் தீர்மானித்து வந்துள்ளது. வென்ற படத்தின் மூலச்சுருளைப் பாதுகாப்பதற்கு வணிகக் காரணம் உண்டு. தோற்ற படத்திற்கு அதுவும் இல்லை. ‘கர்ணன்’ தன் இரண்டாவது தீர்ப்பைப் பெற்றது, நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்கத்தக்க நிலையில் அதன் பிரதி எஞ்சியிருந்தமையினாலாகும். ஈழத்திலோ 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாகி, அங்கிருந்த படச்சுருள்களும் அழிந்தன. அவ்வாறு அழிந்த படங்கள் நல்லனவா அல்லனவா என்று தீர்ப்புக் கூறும் வாய்ப்புப் பின்வந்த தலைமுறைக்கு இல்லாமற் போயிற்று. ஆகவே எஞ்சியிருக்கும் பிரதிகளைத் தேடிப் பேணுவதும், வசூல் கணக்கோடு அவை வெளியான சூழலையும் பதிவு செய்வதும் வரலாற்றுத் துறையினரின் உடனடிக் கடமைகளாகும்.