செகண்ட் ஹேண்ட் லோடு வண்டியா... காரா? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கையில் மூன்று, நான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு பழைய லோடு வண்டியும் கிடைக்கிறது, பழைய காரும் கிடைக்கிறது. ‘லோடு வண்டி சம்பாதிச்சுக் கொடுக்கும், கார் செலவுதான் வைக்கும்’ என்பார்கள். இது பாதி உண்மைதான். ஏனென்றால், ஓடாமல் வீட்டு வாசலில் நின்றாலும் லோடு வண்டிக்கு செலவு உண்டு.

இன்சூரன்ஸ் எவ்வளவு?

2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான சொந்த உபயோக காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு ரூ.3,416. மொத்த எடை 7,500 கிலோ வரையிலான நான்கு சக்கர சரக்கு வண்டிக்கு ரூ.16,049. ஜிஎஸ்டி தனி.

எஃப்.சி. எப்போது?

சொந்த காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். மஞ்சள் போர்டு லோடு வண்டிக்கு 8 ஆண்டுகள் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருஷா வருஷமும் எஃப்.சி. எடுக்கணும். பழைய வண்டி வாங்குபவர்கள் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். எஃப்.சி.க்கு முன்பு பெயின்ட், டயர், பிரேக் வேலை என்று தனியாக ஒரு தொகை போகும்.

லைசென்ஸ், பெர்மிட்

கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கும் போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. லோடுடன் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் வண்டி என்றால் பெர்மிட் தேவை.

எதைப் பார்க்கணும்?

லோடு வண்டியில் முதலில் கீழே குனிந்து பாருங்கள். சேஸில் வெல்டிங் வைத்த தடம், உடைந்த கமான் பட்டை இருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டியாக இருக்கலாம். காரில் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம். இரண்டுக்குமே பழைய கடன், கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்போ எதை வாங்கலாம்?

மாதத்தில் எத்தனை நாள் லோடு உறுதியாகக் கிடைக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. போக மிச்சம் நின்றால் லோடு வண்டி வாங்கலாம். ‘வாங்கிட்டு வேலை தேடிக்கலாம்’ என்றால் யோசிங்க. அதேபோல, குடும்பத்தோடு கோயில், கல்யாணம் போகத்தான் வண்டி என்றால் கார்தான் சரி. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.