'கழிப்பறை இல்லை' என்றொரு வாதம்

மண்ணரையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் எழுபது பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. இன்னொன்றில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. செக்கிங் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, காலை டீயோடு சரி, பிறகு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். கேட்டால், "தண்ணி குடிச்சாத்தானே போகோணும் கண்ணு" என்பார். ஒன்றரை ஷிப்ட் முடியும் வரை அப்படித்தான். மாதத்துக்கு இரண்டு நாள் நீர்க்கடுப்பில் லீவு போடுவார். அந்தச் சம்பளமும் போகும்.

இதை எங்கள் கம்பெனியின் பிரச்சினை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகளின் வழக்கைப் படித்தபோதுதான் வேறொன்று புரிந்தது. கழிப்பறை இல்லாதது ஒரு குறை மட்டுமல்ல, அது ஒரு வாதமாகவும் பயன்படுகிறது.

1957-ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்கள் சேர முடியாது என்றது. 1991 அக்டோபரில்தான் சில பிரிவுகள் திறக்கப்பட்டன. கல்வி, சட்டம், தளவாட நிர்வாகம் ஆகியவை அவை. மறு ஆண்டு பெண் அதிகாரிகள் பணியில் சேர்ந்தார்கள். ஆனால் வேலை பெரும்பாலும் கரையில். 1997-இல் சிலரைக் கப்பலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முயற்சி விரைவிலேயே கைவிடப்பட்டது. ஆண்களைப் போல நிரந்தரப் பணியும் இல்லை. குறுகிய காலப் பணி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். லெப்டினன்ட் கமாண்டர் ஆனி நாகராஜா உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். 2015 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது.

அங்கே அரசு முன்வைத்த வாதங்களில் ஒன்று, ரஷ்யாவில் கட்டப்பட்ட போர்க்கப்பல்களில் பெண்களுக்கான கழிப்பறை வசதி இல்லை என்பது. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பெண்கள் கப்பலில் பணியாற்றுவதைக் கடற்படையின் 1999-ஆம் ஆண்டுக் கொள்கைக் கடிதமே எதிர்பார்த்திருந்ததை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவில் பெண் அதிகாரிகள் பணியமர்த்தப்பட்டார்கள். விக்ரமாதித்யா எங்கே கட்டப்பட்டது? சோவியத் ஒன்றியத்தில். இந்தியாவுக்காகப் புதுப்பிக்கப்பட்டது ரஷ்யாவில். முடியாது என்று சொல்லப்பட்ட அதே வகைக் கப்பல்.

அப்படி என்னதான் இருக்கிறது கடல்மேல் இருக்கும் கழிப்பறையில்? சிறு படகில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். பீங்கான் கோப்பை பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். படகின் அடியில் உள்ள ஒரு வால்வைத் திறந்து, கைப்பம்பை அடித்துக் கடல்நீரை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு அதே பம்பால் கழிவைத் தொட்டிக்கோ வெளியேயோ தள்ள வேண்டும். தள்ளியது திரும்பி வராதபடி ரப்பர் வால்வு ஒன்று தடுக்கும். குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய், அந்த வளைவின் உச்சியில் காற்று புக ஒரு துளை வைப்பார்கள். அது அடைத்துக்கொண்டால் கடலே உள்ளே வந்துவிடும். உப்புநீரும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்பு போலப் படியும். அதைக் கரைக்க வினிகர் ஊற்றுவார்கள். நாப்கின், பஞ்சு எதையும் போடக்கூடாது. வேலை முடிந்தால் வால்வை மூட வேண்டும்.

ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கத் தெரிந்த எவளுக்கும் இது கைவராத வேலையல்ல. தவறு ஆண்களுக்கும் நேரும். 1945 ஏப்ரலில் யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஸ்காட்லாந்து கரையருகே கைவிடப்பட்டது. ஆழ்நீரில் பயன்படுத்தும் அதன் கழிப்பறையைச் சரியாக இயக்காததால் கடல்நீர் புகுந்து, பேட்டரிகளில் பட்டு, குளோரின் வாயு கிளம்பியது. மேலே வந்த கப்பல் விமானத் தாக்குதலுக்கு ஆளானது. அதற்காக ஆண்களை நீர்மூழ்கியில் ஏற்றக் கூடாது என்று யாரும் வாதிடவில்லை.

2017 செப்டம்பர் 10 அன்று, வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றினார்கள். 254 நாள் கழித்து, 2018 மே 21 அன்று திரும்பினார்கள். அதே படகில் 2024 அக்டோபரில் கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் இருவராகவே கிளம்பி, 2025 மே மாதம் வந்து சேர்ந்தார்கள். நடுக்கடலில் பிளம்பர் கிடையாது. பழுதானால் படகில் இருப்பவர்கள்தான் கை வைக்க வேண்டும்.

கரையில் அப்படியல்ல. எங்களுக்குப் பொருந்திய 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், வெளிச்சமும் காற்றும் வேண்டும், எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றது. 25 பெண்களுக்கு ஒன்று என்பது அப்போதைய விதி. எங்கள் கம்பெனிக்கு மூன்று இருந்திருக்க வேண்டும். அதே பிரிவு, சுத்தம் செய்வதையே முதன்மை வேலையாகக் கொண்ட துப்புரவாளர்களை நியமிக்கவும் சொன்னது. அந்த வேலைக்கு எந்தச் சாதிப் பெண் வருவாள் என்று சட்டத்தில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் கம்பெனிக்கு வாரம் இரண்டு முறை வந்த அம்மாவுக்கு கையுறை தரப்படவில்லை. அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை. கழிப்பறை கேட்ட நாங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெண்களின் உரிமை என்று நாம் பேசும்போது, அந்த உரிமையைத் தேய்த்துக் கழுவும் பெண்ணையும் சேர்த்துப் பேசுகிறோமா என்பது நமக்கான கேள்வி.

வெளிநாட்டு ஆர்டருக்கு ஆடிட் வந்த நாளில் மட்டும் பினாயில் மணக்கும், சோப்பு இருக்கும், சாவி தொங்கும். மறுநாள் சோப்பு போய்விடும். வசதி செய்ய முடியாது என்பதல்ல, யாருக்காகச் செய்வது என்பதுதான் விஷயம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் எட்டுப் பேர் சேர்ந்து போய் சூப்பர்வைசரிடம் தாழ்ப்பாளைக் கேட்டோம். மெஷின் மெக்கானிக் வந்து போட்டுக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. கேட்பதற்கு எங்களுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று மதியம் அக்கா சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். மூன்றாவது கழிப்பறையை நான் அங்கிருந்து விலகும்வரை கட்டவில்லை.