குடலின் வழிகளும் முனியின் அறையும்

“முனி அறைந்துவிட்டது, இரத்தங் கக்கி மாண்டான்” என்னும் வாக்கியத்தைக் கேளாத தோட்டத் தமிழர் மலாக்காவில் அரியர். ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை எந்த லயத்தில் முதியோரை வினவினும், அத்தோட்டத்திற்குரிய ஒரு முனியும், அம்முனியிடம் அறைபட்ட ஒருவனும் கதையில் வருவர். அந்தி வரை திடமாயிருந்தான், கள்ளுக்கடையினின்று ஓடையோரமாகத் தனியே வந்தான், நள்ளிரவில் கறுத்த இரத்தத்தை வாய் கொள்ளாமற் கக்கினான், விடியுமுன் பிணமானான். மார்பிலோ முதுகிலோ ஒரு கீறலும் இல்லை. காயமின்றி அவ்வளவு இரத்தம் எங்கிருந்து வந்தது? லயத்தார் அறிந்த விடை ஒன்றே. பூசாரி வந்தார், சேவல் வெட்டப்பட்டது, இறந்தவனுடைய தம்பியும் மறுவாரம் அதே கள்ளுக்கடைக்குப் போய்வந்தான்.

இதனை வெறுங்கதை என்று நகைத்துத் தள்ளுதல் எளிது. ஆயின் கக்கிய இரத்தம் மெய். மாண்ட மனிதனும் மெய். காயமின்றி இரத்தம் வந்ததெப்படி என்னும் கேள்வியும் மிகவும் நியாயமானதே. அதற்கு விடை வயிற்றினுள்ளே ஓடும் ஒரு சிரையில் இருக்கின்றது. அச்சிரையின் தொழிலை மனிதன் செவ்வனே அறிந்துகொள்ள ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சரித்திரத்தைச் சிறிது சொல்லப் புகுகின்றோம்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் புரிந்த கிரேக்கராகிய காலென் என்பார், உண்ட உணவு இரைப்பையிற் கூழாகி, குடலினின்று சிரைகளின் வழியாய்க் கல்லீரலுக்குச் சென்று, ஆங்கே இரத்தமாக மாறுகின்றது என்று போதித்தார். கல்லீரலே தேகத்தின் அடுக்களை என்பது அவர் கொள்கை. குடலிலுள்ள சிரைகள் யாவும் ஒன்றாய்க் கூடிக் கல்லீரலின் வாயிலிற் புகுகின்றன என்பதைக் கண்ணாற் கண்டே அவர் இங்ஙனம் சொன்னார். கண்டது சரி, அதினின்று ஊகித்தது பிழை. பெரியார் ஒருவர் சொன்னது என்ற காரணத்தால் அப்பிழை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் வேதவாக்காக நின்றது. இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர்கள் கவனிக்க.

1622-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் இத்தாலி தேசத்தில் காஸ்பாரே அசெல்லி என்னும் ஆசிரியர், நண்பர்களுக்கு நரம்புகளின் தொழிலைக் காட்டும்பொருட்டு ஒரு நாயை உயிருடன் அறுத்தார். அந்நாய் சற்றுமுன்னரே வயிறார உண்டிருந்தது. குடலை ஒதுக்கியவுடன், குடலைத் தாங்கும் சவ்வின்மீது வெள்ளை நூல்கள் போன்றவை எங்கும் படர்ந்திருக்கக் கண்டார். முதலில் அவற்றை நரம்புகளென்றே எண்ணினார். ஒன்றைக் கத்தியால் அறுத்தபோது பால் போன்ற வெண்ணீர் பெருகிற்று. நரம்பில் பால் ஏது? மற்றொரு நாளில், உண்ணாத நாயை அறுத்தபோது அந்நூல்களைக் காணவில்லை. உணவு கொண்ட சில மணிநேரத்தில் மட்டுமே அவை வெளுத்துத் தோன்றின. பழைய ஆசிரியர்கள் அவற்றைக் காணாது போனதன் இரகசியம் இதுவாகலாம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் எரசிஸ்திராட்டஸ் பால் குடித்த ஆட்டுக்குட்டிகளில் இவற்றைக் கண்டிருந்தார். அதையும் உலகம் மறந்துவிட்டது.

ஆயினும் அசெல்லியும் காலெனது பிடியினின்று தப்பவில்லை. இப்பாற்குழல்களும் கல்லீரலுக்கே செல்கின்றன என்று அவர் எழுதிவைத்து மாண்டார்; அந்நூல் 1627-இல் வெளியாயிற்று. மறு ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹார்வி, இரத்தம் இதயத்தினின்று புறப்பட்டு மீண்டும் இதயத்திற்கே வந்து சுழல்கின்றது என்பதை நாட்டினார். 1651-இல் பிரெஞ்சுக்காரராகிய ழான் பெக்கே, பாற்குழல்கள் கல்லீரலுக்குப் போகவில்லை, முதுகெலும்பின் முன்னே ஒரு பையிற் கூடி, மார்பின் வழியே ஏறி, கழுத்தடியில் உள்ள பெருஞ்சிரையில் இரத்தத்தோடு கலக்கின்றன என்று காட்டினார். சுவீடனின் ருட்பெக்கும் கோப்பன்ஹேகனின் பார்த்தோலினும் அடுத்த சில ஆண்டுகளில் உடலெங்கும் இத்தகைய நிணநீர்க் குழல்கள் பரந்திருத்தலைக் கண்டனர். இரத்தம் செய்யும் பதவியை இழந்த கல்லீரலுக்குப் பார்த்தோலின் ஒரு சரமகவியே எழுதி அடக்கம் செய்துவிட்டார்! பாவம், அந்த உறுப்பு இருநூறு ஆண்டுகள் பித்தநீர் சுரப்பதோடு அடங்கிக் கிடந்தது. 1857-இல் பாரிஸ் நகரின் குளோத் பெர்னார், சர்க்கரையைச் சேர்த்துவைத்து வேண்டியபோது வெளியிடும் பொருளைக் கல்லீரலினின்று பிரித்தெடுத்த பின்னரே அதற்கு இழந்த மரியாதையில் ஒரு பகுதி திரும்பிற்று.

இனி, குடலுக்கு இரத்தம் வருவதும் போவதும் எவ்வாறு என்று பார்ப்போம். இதயத்தினின்று இறங்கும் பெருந்தமனி வயிற்றில் மூன்று கிளைகளை முன்னோக்கி விடுகின்றது. முதற்கிளை இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்கும், இரண்டாவது சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் வலப்பாதிக்கும், மூன்றாவது எஞ்சிய பகுதிக்கும் இரத்தம் ஊட்டுகின்றன. வரும் வழி மூன்றாயினும் போகும் வழி ஒன்றே. எல்லாச் சிரைகளும் கூடி ஒரு பெருஞ்சிரையாகிக் கல்லீரலின் வாயிலிற் புகுகின்றன. காலென் கண்டது இச்சிரையையே. உடலின் ஏனைய சிரைகள் நேரே இதயத்தை நாடும். இது மட்டும் கல்லீரலினுள் மீண்டும் நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து, அங்குள்ள சோதனையைக் கடந்த பிறகே இதயத்தை அடையும். துறைமுகத்தில் இறங்கும் சரக்கெல்லாம் சுங்கச்சாவடி வழியாகவே ஊருக்குள் வரவேண்டும் என்பதை ஒக்கும் இது. சோற்றின் சர்க்கரையும் பருப்பின் சத்தும் இவ்வழி செல்வன. நெய்யும் தேங்காய்ப்பாலும் அசெல்லியின் பாற்குழல் வழியே செல்வன. கள்ளும் சம்சுவும் செல்வது முதல் வழி. ஆகவே அவற்றின் முழு அடியும் முதலில் விழுவது கல்லீரலின்மீதே.

ஆண்டுக்கணக்கில் இவ்வடியைத் தாங்கிய கல்லீரல் தழும்பேறி, சுருங்கி, கல்லாய் இறுகுகின்றது. அதனுட் புகவேண்டிய இரத்தம் புகவியலாது பின்னே தேங்குகின்றது. வாய்க்காலின் மடையை அடைத்தால் நீர் என்ன செய்யும்? கரையிலுள்ள சிறு உடைப்புகளைத் தேடும். உணவுக்குழலின் அடியில் மெல்லிய சில சிரைகள் இருக்கின்றன; இவை இதயத்திற்குப் போகும் வேறொரு வழியோடு தொடர்புடையன. தேங்கிய இரத்தம் அவற்றின் வழியே பாய முயல, அவை புழுப்போல் நெளிந்து வீங்குகின்றன. நோவில்லை, ஆகையால் அவன் அறியான். ஓரிரவில் அவற்றுள் ஒன்று வெடிக்கின்றது. இரைப்பைக்குள் இறங்கிய இரத்தம் அங்குள்ள புளிப்பாற் கறுத்து வெளிவருகின்றது. முனியின் அறை என்பது இது.

குடியொன்றே இதற்குக் காரணமன்று. கல்லீரலைத் தாக்கும் காமாலை நச்சுயிர்களும் இதே கேட்டை விளைக்கும். இரைப்பைப் புண்ணினாலும் இரத்தம் கக்குவோர் உண்டு. ஆதலால் இரத்தங் கக்கியவன் எல்லாம் குடிகாரன் என்று ஏசுதல் தகாது. முன்னறிகுறிகளும் உண்டு: தார் போலக் கறுத்த மலம், நீர் கோத்து உப்பிய வயிறு, மெலிந்த கைகால், மஞ்சளித்த கண். இவற்றைக் கண்டவுடன் ஆஸ்பத்திரியை அடைந்தால், வாய்வழியே விளக்குள்ள குழாயைச் செலுத்தி வீங்கிய சிரையைப் பார்த்து, அதன் அடியில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி இறுக்கிவிடுகின்றனர். 1980-களில் வந்த முறை இது. 1896-இல் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்டது முதல் நம்மவர் மூன்று தலைமுறையாய்ப் பால்வெட்டிய ஊர் இது. நாம் வெட்டிய பாலினின்று வந்த வளையம் நம்மவன் உயிரைக் கட்டி நிறுத்தக்கூடும் என்பதை முனிக்குச் சேவல் வெட்டுவோர் அறியவேண்டாமா?

குடலின் இரத்தத்தைக் குடிக்கும் மற்றொரு முனி கொக்கிப் புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்திற் கலந்து, நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியே விழுங்கப்பட்டு, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு உறிஞ்சுகின்றது. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது மிகச் சிறிதளவே. நூற்றுக்கணக்கிற் சேர்ந்தாலோ மனிதன் வெளிறிப்போகின்றான். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனத்தார் டார்லிங், பார்பர், ஹாக்கர் என்னும் மூவரை மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களுக்கு அனுப்பி இப்புழுவை ஆராய்வித்தனர். அறிக்கை 1920-இல் வெளிவந்தது. நம் முன்னோரைச் சோம்பேறிகள் என்று ஏசிய துரைமார், அவர்களுடைய குடலுக்குள் நோக்கியிருந்தால் வேறு சொல் தேடியிருப்பர்.

குடலின் நரம்புகளைப் பற்றி ஒரு சொல். 1857-இல் மைஸ்னரும், அடுத்த சில ஆண்டுகளில் அவுர்பாஹும் குடற்சுவரினுள்ளேயே நரம்பு வலைகள் இருத்தலைக் கண்டனர். 1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், வெளி நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்ட பின்னும் குடல் தானே உணவைக் கீழ்நோக்கித் தள்ளுதலைக் காட்டினர். ஆனால் இந்நரம்புகளுக்கு இடஞ்சுட்டும் திறமை குறைவு. குடல்வால் அழலுங்கால் முதலில் நோவு தோன்றுவது கொப்பூழைச் சுற்றியே. அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்ட பிறகே நோவு வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்கின்றது. இந்த இடைவேளையில்தான் நம்மவர் “குடலேற்றம்” என்று எண்ணெய் தடவி வயிற்றை வழித்தனர். அழுகிய குடல்வாலை வழித்தால் அது உடையும். உடைந்தால் வயிறெங்கும் சீழ். நகரத்தார் இதனினும் நாகரிகம் அடைந்து, எந்த வயிற்றுவலிக்கும் ‘கேஸ்ட்ரிக்’ என்ற ஒரே பெயரிட்டு, கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். பெயர் ஆங்கிலமாயின் அறியாமை நீங்கிவிடுமோ?

இங்கே ஆங்கிலம் கற்ற நம் வகுப்பார் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. “இவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல முடியாது, சொல் இல்லை” என்பர். தோட்டத்துக் கிராணிகளாகிய நம்மிடையே இவ்வார்த்தை அடிக்கடி கேட்கப்படுவது. அதற்கு விடை மானிப்பாயில் உள்ளது.

அமெரிக்கா தேசத்து வூஸ்டரில் 1822-இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்கள் சர்க்கார் உத்தியோகம் நாடிப் போயினர். கிராமத்தில் நிற்பார் இல்லை. ஆகவே 1864 முதல் தமிழிலேயே போதிக்கத் துணிந்தார். புத்தகம் வேண்டுமே! 1867-இல் இரணவைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதம், 1875-இல் கெமிஸ்தம் என ஒன்றன்பின் ஒன்றாக அவரும் அவர் மாணவர்களும் வெளியிட்டவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. தமிழ்ச்சொல் உண்டாயின் அதனைக் கொள்க. இன்றேல் வடசொல்லைக் கொள்க. அதுவும் இன்றேல் ஆங்கிலச்சொல்லையே தமிழெழுத்தில் எழுதுக என்பது அவர் வகுத்த முறை. கெமிஸ்தம் மூன்றாம் வகை. உறுப்பமைப்பைக் கூறும் சாஸ்திரத்துக்கு அங்காதிபாதம் என்று பெயர் வைத்தார். பாதாதிகேசம் பாடிய மொழிக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. வடசொற்கள் மிகுதி என்று குறை கூறலாம், நாமும் கூறுவோம். ஆனால், மைஸ்னர் குடல் நரம்பைக் கண்ட அதே தலைமுறையில், குடலின் தமனியையும் சிரையையும் தமிழிலேயே ஓதித் தேறிய வைத்தியர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

அவர் மதம் பரப்ப வந்தவர்; அதனை மறைப்பது நமது நோக்கமன்று. தம் மாணாக்கர் உடையிலும் நடையிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்று விரும்பியவரும் அவரே. அவர் போன பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்து வைத்தியக் கல்வி மீண்டும் ஆங்கிலத்தின் கைப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதி முதல் மலாயாவுக்கு ரயில்வேக்கும் கந்தோர்க்கும் ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்தார் திரளாக வந்தபோது அவர்கள் கொண்டுவந்தது ஆங்கிலக் கல்வியையே. தோட்டத்து டிரெசர் மருந்துப் புட்டியின் பெயரை ஆங்கிலத்தில் வாசித்தார். நோயாளி “வயிறு” என்று மட்டும் தமிழிற் சொன்னான். இடையில் அங்காதிபாதம் இல்லை. அவ்விடத்தில் முனி குடியேறினான்.

கிறீன் 1873-இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் வைத்திய நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1884-இல் வூஸ்டரில் மாண்டார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்று பொருள்படும் வாசகம் அவர் விரும்பியபடி அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றது.