செங்கீரை முதல் முட்டுக்காடு வரை

திருப்போரூர் என்றதும் கந்தசாமி கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். மொட்டை போட, காது குத்த என்று கைக்குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வரும் ஊர். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் சிதம்பர சுவாமிகள் பாடிய திருப்போரூர்ச் சந்நிதி முறையில் முருகனுக்குப் பிள்ளைத்தமிழும் உண்டு, தாலாட்டும் உண்டு.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து சென்னைப் பக்கம் திரும்பினால் கோவளம், அதைத் தாண்டினால் முட்டுக்காடு. படகுத் துறைக்குப் போகிறவர்கள் அதிகம். அதே முட்டுக்காட்டில் மத்திய அரசு 2005-ல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் அது. பெயர் நீளம் என்பதால் என்.ஐ.இ.பி.எம்.டி. என்றே சொல்கிறார்கள்.

பிள்ளைத்தமிழுக்கும் இந்த நிறுவனத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. குழந்தை எப்போது தலை நிமிர்த்தும், எப்போது கை தட்டும், எப்போது நடக்கும் என்று இரண்டுமே கணக்கு வைத்திருக்கின்றன.

பத்துப் பருவங்கள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்யாதவர்கள் இருக்க முடியாது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. இந்த ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. ஆண்பால் என்றால் அதோடு சிற்றில், சிறுபறை, சிறுதேர். மார்க்குக்காகப் படித்ததால் இது எவ்வளவு நுணுக்கமான பட்டியல் என்று யாரும் கவனிப்பதில்லை.

செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. கழுத்தும் தோளும் உறுதியாகிவிட்டதா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. தால் என்றால் நாக்கு. சப்பாணி என்பது உட்கார்ந்து கை கொட்டுவது. முதுகு நிற்க வேண்டும், இரண்டு கையும் நடுவில் வந்து சந்திக்க வேண்டும். வாரானை என்றால் தளிர்நடை போட்டு வருவது. அம்புலிப் பருவத்தில் நிலாவைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். விரல் காட்டும் திசையைக் குழந்தையும் பார்க்கிறதா, தானும் விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பது இன்று ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கக் கேட்கப்படும் முக்கியமான கேள்வி!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்குப் பாடிய பிள்ளைத்தமிழில் தொடங்கி நூற்றுக்கணக்கில் இவை வந்துவிட்டன. பாட்டில் வந்ததெல்லாம் வீட்டிலும் இருந்தது. கிலுகிலுப்பை, நடைவண்டி, உள்ளங்கையில் பருப்பு கடையும் விளையாட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிப் பேசிச் சோறு ஊட்டுவது... இன்றைய தெரபி அறைகளில் நடப்பதில் பாதி இதுதான்.

ஆனால் ஒரு விஷயம். பிள்ளைத்தமிழின் தலைவன் தெய்வம் அல்லது அரசன். அவன் எல்லாவற்றையும் அந்தந்த மாதத்தில் சரியாகச் செய்துவிடுவான். ஒன்பதாம் மாதத்தில் கை தட்டாத குழந்தைக்கு என்ன செய்வது என்று அந்தப் பட்டியலில் பதில் இல்லை. "தானா வரும், அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்பதுதான் வீடுகளில் கிடைத்த பதில். பல வீடுகளில் இன்றும் அதுதான்.

பாரிஸ், ரோம், அடையாறு

பருவம் தவறிய பிள்ளைக்கு விளையாட்டையே பயிற்சியாக்கலாம் என்ற யோசனையை ஐரோப்பாவில் தேட வேண்டியிருக்கிறது. பிரான்ஸில் காட்டில் தனியாகத் திரிந்த, பேச்சு வராத ஒரு சிறுவனை 1800-ல் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். விக்டர் என்று பெயர் வைத்து, ழான் இத்தார் என்ற இளம் டாக்டர் அவனுக்குச் சுமார் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தார். தொடுதல், பார்த்தல், பொருத்துதல் என்று அவன் நிறையக் கற்றான். பேச்சு மட்டும் வரவே இல்லை. கிடைத்தபோதே அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும் என்கிறார்கள்.

இத்தாரின் சீடர் எட்வார்ட் செகான் அந்த முறையை வளர்த்தெடுத்தார். அவர்கள் இருவரும் எழுதியதைப் படித்த இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி, 1900-ல் ரோமில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்தார். அங்கே பயன்பட்ட மரக்கட்டைகளையும் பலகைகளையும்தான் 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்கு எடுத்துப்போனார்.

அதே மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர் பயிற்சி நடந்தது. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட, மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு சில மாதம் காவலில் வைத்தது. கொடைக்கானல் உட்படப் பல இடங்களில் இருந்துவிட்டு, போர் முடிந்து 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார்.

இன்று தெருவுக்குத் தெரு மாண்டிசோரி போர்டு தொங்குகிறது. பேசாத, நடக்காத பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, ஃபீஸ் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளின் முறையாகிப் போனது. யாருக்கு முதலில் தேவையோ அவர்களுக்குக் கடைசியில் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அம்மாக்கள் ஆரம்பித்தது

அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதையின் அடுத்த பகுதி. போலியோ இருந்த காலத்தில் குழந்தைக்குத் தெரபி என்றாலே காலில் மாட்டும் இரும்புக் காலிபர்தான் பலருக்கு ஞாபகம் வந்தது. பேச்சு, கேட்டல், விளையாட்டு எல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை.

1969-ல் சென்னையில் பால வித்யாலயா தொடங்கியது. காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான பள்ளி. அங்கே குழந்தையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது. அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். காரணம் எளிமையானது. பள்ளியில் இருப்பது சில மணி நேரம், மற்ற நேரமெல்லாம் பேச்சு நடப்பது வீட்டில்.

1972-ல் மும்பையில் மிது ஆலூர், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகளுக்கு ஏற்ற பள்ளி கிடைக்காததால் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். 1985-ல் அதே வழியில் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கியதுதான் இன்றைய வித்யா சாகர். அவரும் அப்படி ஒரு குழந்தையின் தாய்தான். 1989-ல் தி.நகரில் வந்த மதுரம் நாராயணன் மையம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உபநயன் என்ற பயிற்சி முறையை வைத்து நடக்கிறது. உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்தல், மொழி, அறிவு, பழகுதல் என்று ஐந்து பிரிவாகக் குழந்தையின் திறன்களைப் பார்த்து, அடுத்த சின்ன படி எதுவோ அதைப் பெற்றோருக்குக் கற்றுத்தருவது. பிள்ளைத்தமிழ்ப் பட்டியலில் விடுபட்டுப்போன பகுதி இதுதான். இந்தப் படி வரவில்லை என்றால் என்ன செய்யலாம்?

சென்னை மட்டும் இல்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குழந்தைகளின் வீட்டுக்கே தெரபியைக் கொண்டுபோகிறது.

முட்டுக்காடும் பஸ் ஸ்டாண்டும்

அரசு மெதுவாகத்தான் வந்தது. 1995-ல் ஒரு சட்டம். 1999-ல் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதற்குப் பிறகுதான் 2005-ல் முட்டுக்காடு. காதுக்கு ஒரு ஆஸ்பத்திரி, காலுக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று அலைந்த குடும்பத்துக்கு இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய விஷயம். 2016 சட்டம் குறைபாடுகளின் பட்டியலை ஏழிலிருந்து இருபத்தொன்றாக்கியது. 2021 ஜூனில் நாட்டில் பதினான்கு இடங்களில், எல்லாவகைக் குறைபாட்டுக்கும் சேர்த்து, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி மையங்கள் திறக்கப்பட்டபோது அதில் ஒன்று இங்கே அமைந்தது.

ஆனால் தெரபி என்பது ஊசி போட்டுக்கொண்டு வருவது மாதிரி இல்லை. வாரா வாரம், மாதக்கணக்கில் போக வேண்டும். திருப்போரூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்திலிருந்து, கழுத்து நிற்காத மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் மாறிப் போகும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் போகும். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தச் செலவு மிச்சம். கூலி மிச்சமாகுமா? நான்கைந்து தடவை போய்விட்டு நிறுத்திவிட்டால் அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

இதில் ஒரு வட்டிக் கணக்கு இருக்கிறது. பொருளாதாரத்துக்கு 2000-ல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், ஏழைக் குழந்தைகளின் பாலர் பள்ளிகளை ஆராய்ந்து சொன்னது இது: சின்ன வயதில் போடும் பணம்தான் அதிகம் திருப்பித் தருகிறது, ஏனென்றால் முதலில் கற்ற திறன் அடுத்த திறனைக் கற்க உதவுகிறது. கூட்டு வட்டி மாதிரிதான். உட்காரக் கற்ற குழந்தைக்குக் கை ஓய்வாகிறது. கை ஓய்வானால் பொம்மையை எடுக்கும். பொம்மையை எடுத்தால் அதைக் காட்டும், பெயர் கேட்கும். உட்காருவது தள்ளிப்போனால் பேச்சும் சேர்ந்தே தள்ளிப்போகலாம். "தானா வரும்" என்று காத்திருக்கும் இரண்டு வருடத்தின் விலை இதுதான்.

2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டப்படி அங்கன்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை மருத்துவக் குழு பார்க்க வேண்டும். அதற்கு முன்னாலேயே பார்க்கக்கூடியவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் நல்லதுதானே, போனது ஒரு நாள்தான்.

பருவங்களைப் பத்தாகப் பிரித்துப் பாடிய மொழி இது. மாதக் கணக்கு நமக்குப் புதிதில்லை. கணக்கு தவறும்போது காத்திருக்காமல் கிளம்புவதும், கிளம்ப முடியாதவர்களின் வாசலுக்குப் பயிற்சி போவதும்தான் இன்னும் பாக்கி.