நோயாளியை நாடிச் சென்ற மருத்துவம்

திருநெல்வேலிச் சீமை என்றவுடன் பொருநையாறும் அதன் இருகரை வயல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சீமையின் தென்கோடியில், திசையன்விளையைச் சூழ்ந்த நாட்டின் பழைய இயல்பு வேறு. பொருநை நீர் எட்டாதிருந்த நிலம், செம்மணல் தேரி, கண்ணுக்கெட்டிய மட்டும் பனை. அங்கே பனையேறிப் பிழைத்தவருக்குக் கண்ணும் காலுமே முதல். கண்ணில் புரை படர்ந்துவிட்டால், உச்சியில் அமர்ந்து பாளை சீவும் தொழில் அன்றோடு முடிந்தது. இத்தகைய ஊர்களுக்கு மருத்துவம் எவ்வழியில் வந்து சேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திசையன்விளைக்கு அண்மையிலுள்ள இடையன்குடியில் 1841-இல் குடியேறிய கால்டுவெல் ஐயரை, ஒப்பிலக்கணம் செய்தவராக மாணவர்கள் அறிவீர்கள். அவர் பணியாற்றிய அதே மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்டிராக்கன் என்பார், வடக்கே நாசரேத்தில் 1870-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1876-இல் அப்பணியை ஏற்க மர்காஷிஸ் ஐயர் வந்தார். அவர் வந்த வேளையிலேயே நாட்டைக் கொடும்பஞ்சம் பற்றியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுங்கிச் சொன்னது அதனைத்தான்.

பஞ்சத்தின் பின்னே காலராவும் அம்மையும் வருதல் இயல்பு. வெறும் வயிற்றில் எந்த மருந்தும் நில்லாது. மருத்துவம் எங்கே முடிகிறது, பஞ்ச நிவாரணம் எங்கே தொடங்குகிறது என்று அக்காலத்தில் கோடு கிழிக்க இயலவில்லை. சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று திட்டம் செய்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்து வாதாடியவர், சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ். மருந்துப் பெட்டியை விட்டு ஒரு மருத்துவர் சோற்றுக்காக வழக்காடிய அச்செய்தி, பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் இடம்பெறத்தக்கது.

நாசரேத்தில் நிகழ்ந்ததும் இவ்வகையினதே. பஞ்சத்தால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மர்காஷிஸ் இல்லம் அமைத்தார். 1878-இல் தொழிற்பள்ளியும் கண்டார். மதம் பரப்பும் நோக்கமும் உடனிருந்தது. அதனை மறைத்துரைத்தல் வரலாறாகாது. எனினும் காப்பாற்றிய குழந்தைக்கு நாளைக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று எண்ணியது சிறிய சிந்தனையன்று.

ஆயினும் ஒரு குறை நின்றது. மருத்துவமனை ஓரிடத்தில் இருந்தது. நோயாளிகள் மணற்காட்டில் சிதறிக் கிடந்தனர். இக்குறையைத் தீர்க்க நெடுநாள் பாடுபட்டவர்களுள் ஒருவர் இதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னர், அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பயின்று, இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோவெல் அறக்கட்டளை அதனை நடத்திற்று. 1988-இல் திருநெல்வேலியிலும் கிளை எழுந்தது.

ஊர்தோறும் கண் முகாம் நடத்தியபோது அவர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. அச்சமும் ஒரு காரணந்தான். ஆனால் பேருந்துக் கட்டணம் யார் தருவது? துணைக்கு வரும் மகனின் இரண்டு நாட் கூலி என்னாவது? அங்கே சோற்றுக்கு என்ன செய்வது? இலவசம் என்ற சொல்லுக்குள் இத்தனை விலை ஒளிந்திருந்தது! ஆகவே முறையை மாற்றினர். உள்ளூர்ப் பள்ளியோ அரிமா சங்கமோ இடம் தரும். மருத்துவர் வந்து கண் பார்ப்பார். புரையுள்ளவர்களை அன்றே வண்டியேற்றி அழைத்துச் சென்று, உணவும் படுக்கையும் தந்து, அறுவை செய்து, மீண்டும் ஊரிலேயே கொண்டுவந்து விடுவார்கள்.

இதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது? நன்கொடை ஒரு பகுதி. பெரும்பகுதியோ, கட்டணம் செலுத்தவல்லார் அதே மருத்துவமனையில் செலுத்தியது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அயல்நாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே ஆலை நிறுவி, அதன் விலையையும் ஏழைக்கு எட்டுமாறு இறக்கினர்.

முகாம் பெரும்பாலும் ஒருநாட் கூத்து. மறுநாள் கண் சிவந்தவர் எங்கே போவார்? இவ்வினாவுக்கு விடையாக 2004 முதல் சிற்றூர்களில் நிலையான கண் நோக்கு மையங்கள் ஏற்பட்டன. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் அங்கே கண்ணைச் சோதித்துப் படம் அனுப்புவார். தொலைவிலுள்ள மருத்துவர் கணினித் திரையில் நோயாளியோடு முகம் பார்த்துப் பேசுவார். பேசி முடித்துக் கண்ணாடியையோ சொட்டு மருந்தையோ வாங்கிக்கொண்டு, ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டும் நேரத்துக்குள் அந்த மூதாட்டி வீடு திரும்பிவிடலாம்.