இதய ஆஞ்சியோகிராம்

இதய ஆஞ்சியோகிராம் என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை எக்ஸ்ரே மூலம் படம்பிடித்துப் பார்க்கும் பரிசோதனை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை கொண்டுசென்று, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை அதன் வழியே செலுத்துவார்கள். மருந்து ஓடும் பாதையை வைத்து எந்தத் தமனியில், எந்த இடத்தில், எவ்வளவு அடைப்பு என்பது கண்டறியப்படுகிறது. பேச்சு வழக்கில் இதற்கு ‘ஆஞ்சியோ’ என்று பெயர்.

ஆஞ்சியோ அடைப்பைக் காட்டும்; நீக்காது. பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாயை வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி எனும் தனிச் சிகிச்சை. ஊர்ப் பேச்சில் இரண்டையும் ‘ஆஞ்சியோ’ என்றே சொல்வதால், சோதனைக்கே அஞ்சி ஒதுங்குவோரும் உண்டு. சோதனை முடிந்தவுடன் சிகிச்சையும் கட்டாயம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவோரும் உண்டு. இக்கட்டுரை இந்தச் சோதனையின் படிநிலைகளை, அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி போன்ற ஊரிலிருந்து செல்லும் ஒருவரின் நிலையிலிருந்து விளக்குகிறது.

வரலாறு

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகர மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், தம் கைச் சிரை வழியாகக் குழாய் ஒன்றைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அது இதயத்தை எட்டியிருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். இதயத்துக்குள் குழாய் போனால் உயிர் போய்விடும் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. 1956இல் ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளிக்கு மகாதமனியைப் படமெடுக்கும்போது, குழாயின் முனை தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் நழுவி, மருந்து அதற்குள் பாய்ந்தது. நோயாளி பிழைத்தார், தமனியும் தெளிவாகப் படத்தில் விழுந்தது. இதயத் தமனிகளை ஒவ்வொன்றாகப் படமெடுக்கும் இன்றைய முறை அங்கிருந்து பிறந்தது. 1977இல் சூரிச்சில் ஆந்திரியாஸ் குருயன்ட்சிக் இதயத் தமனியில் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தார். இந்தியாவில் அச்சிகிச்சைக்கு வழிவகுத்தவர் 1986இல் அதைத் தொடங்கிய மாத்யூ சாமுவேல் களரிக்கல். மணிக்கட்டு வழியே ஆஞ்சியோ செய்யும் முறையை மான்ட்ரியாலின் லூசியன் காம்போ 1989இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலான ஆஞ்சியோக்கள் அவ்வழியில்தான் நடக்கின்றன.

எப்போது தேவைப்படுகிறது

மாரடைப்பு ஏற்பட்டவருக்கு ஆஞ்சியோ அவசரத் தேவை. நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ நெஞ்சில் இறுக்கம் வந்து, ஓய்வெடுத்தால் தணிகிறவருக்கு, மருந்துக்குப் பிறகும் அது தொடர்ந்தாலோ டிரெட்மில் சோதனை கவலைக்குரியதாக இருந்தாலோ பரிந்துரைக்கப்படும். எக்கோவில் இதயத்தின் இயக்கம் காரணமின்றிக் குறைந்திருப்பவர்களுக்கும், வால்வு அறுவைக்குச் செல்லும் நடுவயதுக்கு மேற்பட்டோருக்கும் செய்வதுண்டு. அறிகுறியே இல்லாத ஒருவர் ‘எதற்கும் ஒரு முறை பார்த்துவிடுவோம்’ என்று செய்துகொள்ள வேண்டிய சோதனை அல்ல இது. சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்குக் கையின் சிரையில் ஊசி மட்டும் போட்டு எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ போதுமானதாக இருக்கும்.

முன் தயாரிப்பு

ஈசிஜி, எக்கோ, இரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின், இரத்த உறைவு ஆகியவை முன்கூட்டியே பார்க்கப்படும். இவற்றில் கிரியாட்டினின் முக்கியமானது. படத்துக்காகச் செலுத்தும் அயோடின் கலந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள்.

சோதனைக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை உணவு கூடாது. இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பொதுவாகச் சிறிது தண்ணீருடன் விழுங்கலாம். வெறும் வயிற்றில் இருப்பதால் இன்சுலின், சர்க்கரை மாத்திரைகளின் அளவை மருத்துவர் மாற்றித் தருவார். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் சிறுநீரகக் குறைபாடும் உடையவராக இருந்தால் அதைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் வகை மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முன்பு சி.டி. ஸ்கேன் மருந்துக்கு உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தாலும், கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக மட்டும் ஆஞ்சியோ மறுக்கப்படுவதில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், அது ஆஞ்சியோவுக்கு மட்டுமா, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பதற்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

கேத் லேப் அறையில்

சோதனை நடக்கும் இடம் ‘கேத் லேப்’ எனப்படும். இயந்திரங்களுக்காக அறை குளிராக வைக்கப்பட்டிருக்கும். குறுகலான மேசையில் நோயாளியைப் படுக்கவைத்து, மார்பில் ஈசிஜி ஒட்டுகளைப் பொருத்துவார்கள். மணிக்கட்டிலும் தொடை இடுக்கிலும் முடியை மழித்து, மருந்தால் துடைத்து, உடலைப் பச்சை அல்லது நீலத் துணியால் மூடுவார்கள். மருத்துவரும் செவிலியரும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் கனமான ஈய அங்கி அணிந்திருப்பார்கள்.

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. நோயாளி விழித்திருப்பார், பேசலாம். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போடும்போது சுருக்கென்று வலிக்கும். அதன் பிறகு தமனிக்குள் ஒரு குட்டையான உறையைப் பொருத்தி, அதன் வழியே கம்பியையும் நீண்ட குழாயையும் செலுத்துவார்கள். குழாயின் தடிமன் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். தமனியின் உட்புறத்தில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், குழாய் தோள் தாண்டி மார்புக்குள் போவது தெரியாது. சிலருக்கு முன்கைத் தமனி இறுகிக்கொண்டு வலி ஏற்படும். உடனே சொன்னால் அதைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்துவார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரினும் கொடுக்கப்படும்.

குழாயின் முனை இதயத் தமனியின் வாயில் பொருந்தியதும், ஒவ்வொரு முறையும் சில மில்லிலிட்டர் மருந்து செலுத்தப்படும். மார்பைச் சுற்றி இயந்திரத்தின் வளைந்த கை பல கோணங்களில் நகர்ந்து படமெடுக்கும். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று இடையிடையே சொல்வார்கள். திரையில் இதயத் தமனிகள் சாம்பல் பின்னணியில் கிளைகிளையாகக் கறுத்துத் தோன்றி, இரண்டொரு நொடியில் மறைந்துவிடும். அடைப்புள்ள இடத்தில் அந்தக் கறுப்புக் கோடு சட்டென்று மெலிந்திருக்கும். முழு அடைப்பானால் அங்கேயே நின்றுவிடும். இதய அறைக்குள் மருந்து செலுத்தினால் உடம்பெங்கும் சூடு பரவுவது போலிருக்கும். சில நொடிகளில் அது அடங்கிவிடும். படமெடுப்பது பொதுவாக 15 முதல் 30 நிமிடங்களில் முடியும்.

சோதனைக்குப் பின்

மணிக்கட்டு வழியானால் உறையை உடனே எடுத்துவிட்டு, காற்றடைத்த பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். சில மணி நேரத்தில் அதைப் படிப்படியாகத் தளர்த்துவார்கள். நோயாளி எழுந்து உட்காரலாம், சாப்பிடலாம். தொடை வழியானால் காலை மடக்காமல் நான்கு முதல் ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மருந்து சிறுநீரில் வெளியேற நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது. இதயம் பலவீனமாக உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் குடிக்க வேண்டும். பலரும் அன்று மாலையோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள்களுக்கு, மணிக்கட்டில் துளை போட்ட கையால் தண்ணீர்க் குடம், உர மூட்டை தூக்கக் கூடாது. இருசக்கர வண்டியும் ஓட்டக் கூடாது. துளை போட்ட இடம் சற்றுக் கன்றிப்போவது இயல்பு. அங்கிருந்து இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீக்கம் பெரிதாவது, கை குளிர்ந்து நிறம் மாறுவது, காய்ச்சல், சிறுநீர் குறைவது, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் ஆகியவை உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

அபாயங்கள்

மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகிய பெரிய சிக்கல்கள் எல்லாம் சேர்ந்தும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றன. உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழ். முதியவர்களுக்கும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், மாரடைப்போடு வருகிறவர்களுக்கும் அபாயம் கூடுதல். மணிக்கட்டுத் தமனி சிலருக்குப் பின்னர் அடைபடுவதுண்டு. கைக்கு இரத்தம் தரும் மற்றொரு தமனி இருப்பதால் பெரும்பாலும் தொல்லை தெரிவதில்லை. எக்ஸ்ரே கதிரின் அளவு, இயற்கையாகச் சில ஆண்டுகளில் நம் உடல் பெறும் கதிர்வீச்சுக்குச் சமம்.

முடிவைப் படிப்பது எப்படி

சோதனை முடிந்ததும் எழுத்து அறிக்கையும் படங்கள் அடங்கிய சி.டி.யும் தருவார்கள். அறிக்கையில் ‘எல்.ஏ.டி.’ என்பது இடப்பக்கத்திலிருந்து இதயத்தின் முன்புறம் இறங்கும் தமனி; ‘எல்.சி.எக்ஸ்.’ இடப்பக்கம் சுற்றிச் செல்வது; ‘ஆர்.சி.ஏ.’ வலது தமனி. முதல் இரண்டும் பிரியும் முன்னுள்ள அடித்தண்டு ‘லெஃப்ட் மெயின்’. ‘எல்.ஏ.டி. நடுப்பகுதி 80%’ என்றிருந்தால், முன்புறத் தமனியின் நடுவில் குழாயின் விட்டம் ஐந்தில் நான்கு பங்கு சுருங்கியிருக்கிறது என்று பொருள். பொதுவாக மற்றத் தமனிகளில் 70 சதவீதமும், லெஃப்ட் மெயினில் 50 சதவீதமும் தாண்டினால் முக்கிய அடைப்பாகக் கருதுவார்கள். இடைப்பட்ட அடைப்புகள் உண்மையில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றனவா என்பதை அழுத்தத்தை அளந்து பார்க்கும் தனிச் சோதனையும் உண்டு.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அடைபட்ட தமனியை அதே மேசையிலேயே திறப்பதுதான் சரி. அங்கே தாமதம் உயிருக்கு ஆபத்து. நிதானமான நிலையில் இருக்கும் நோயாளியின் கதை வேறு. கேத் லேப் வாசலில் காத்திருக்கும் மகனையோ மருமகளையோ உள்ளே அழைத்து, திரையைக் காட்டி, இப்போதே ஸ்டென்ட் வைக்கலாமா என்று கேட்கும் நேரத்தில் குடும்பம் திகைத்துப்போகிறது. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, நிலையான இதய நோயில் தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் அறுவை செய்வது, நல்ல மருந்துச் சிகிச்சையைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று கண்டது. நெஞ்சுவலி மட்டும் நன்றாகக் குறைந்தது. லெஃப்ட் மெயின் அடைப்பும் கடும் இதயச் செயலிழப்பும் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே மருந்து, ஸ்டென்ட், பைபாஸ் மூன்றில் எது, ஏன், எவ்வளவு அவசரம் என்று கேட்கவும், சி.டி.யை வேறொரு மருத்துவரிடம் காட்டவும் பெரும்பாலோருக்கு அவகாசம் உண்டு.

கல்லங்குறிச்சி வட்டாரத்தில்

கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட கல்லங்குறிச்சி, அரியலூர் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆஞ்சியோவுக்கு இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போய்வருகிறார்கள். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 45 கிலோமீட்டர், திருச்சி சுமார் 70 கிலோமீட்டர்.

நாள் குறித்துச் செய்யும் ஆஞ்சியோவுக்கு இந்தத் தூரம் பொருட்டல்ல. மாரடைப்பில் அது பெரிது. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து நடத்திய ‘ஸ்டெமி’ திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின. அருகிலுள்ள மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, ஒரு நாளுக்குள் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்வது அதன் வழிமுறை. அத்திட்டத்தால் ஆஞ்சியோ கிடைத்தவர்களின் பங்கு 35 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 61 சதவீதமாக உயர்ந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பங்கு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனடியாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சுவலி வந்தவரை வாடகைக் காரில் ஏற்றி நேரே திருச்சிக்கு விரட்டுவதைவிட, 108 ஆம்புலன்ஸை அழைத்து முதலில் அரியலூரில் ஈசிஜி எடுப்பது பாதுகாப்பானது.

செலவும் காப்பீடும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சைகள் இதில் அடங்கும். ஆஞ்சியோ மட்டும் செய்துகொள்வதற்கு அனுமதி கிடைக்குமா என்பதை, சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகலாம். ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது வரி நீங்கலாக 29,600 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டு, பின்னர் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. ரசீதில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆஞ்சியோ அறிக்கையையும் சி.டி.யையும் குடும்ப அட்டையைப் போல வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை நெஞ்சுவலி வந்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் அவை இருக்கும்.